புரட்டாசிப் பட்டாசாலை

பனம்பழத்தை ஒரு ராத்திரி வீட்டுக்குள் வைத்தால் போதும், விடிவதற்குள் வீடு முழுக்க அதன் வாசனைதான். புரட்டாசி பிறந்த அன்று எங்கள் அப்பத்தா செய்கிற முதல் வேலை அது. இருட்டோடு எழுந்து கொல்லைக்குப் போவாள். இரவில் விழுந்த பழங்களில் மாடு வாய் வைக்காததாக ஒன்றை எடுத்துவந்து கழுவித் துடைத்து ஓலைக் கொட்டானில் வைப்பாள். அந்தக் கொட்டானை நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற பட்டாசாலையின் ஈசானி மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வந்துருச்சுத்தா புரட்டாசி" என்பாள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தார்கள். எனக்குப் புரட்டாசி மூக்கு வழியாகத்தான் வந்தது.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்கட்டில் திண்ணையும் ஓர் அறையும். அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்தை ஒட்டினாற்போல் நீளமாக ஒரு பட்டாசாலை. வாகை உத்தரம், சுண்ணாம்புச் சுவர், எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏறிய சிவப்புத் தரை. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை போட்டால் இருபத்து நாலு பேர் சாப்பிடலாம். மேசை, நாற்காலி எதுவும் கிடையாது. சாப்பிடுவதற்கென்றே ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

நவராத்திரி என்றால் எல்லார் வீட்டிலும் கொலு. எங்கள் வீட்டிலும் முன்கட்டில் ஐந்து படி ஏறும். ஆனால் அப்பத்தாவின் மனசு பட்டாசாலையில்தான் இருக்கும். "கொலுப் பாக்க வர்றவுக அஞ்சு நிமிஷம் நிப்பாக. சோறு திங்க உக்காந்தவுக அரை மணி நேரம் உக்காருவாக. அம்புட்டு நேரம் அவுக கண்ணு எங்கத்தா போகும்?" என்று கேட்பாள். புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படையல் போட்டு உறவுக்காரர்களை அழைத்துச் சோறு போடுவோம். அதையொட்டி நவராத்திரி ஒன்பது நாளும், கோயிலில் பிரகதாம்பாள் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வருகிற பெண்கள் சுண்டலுக்கு வந்து உட்காருவார்கள். மாதம் முழுக்க யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற இடம் அது. அதை அவள் சும்மா விட்டதே இல்லை.

பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். வெளிநாட்டுக் கதைகளில் செப்டம்பர், அக்டோபரை இலையுதிர் காலம் என்று படித்துவிட்டுப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள், "டீச்சர், நம்ம ஊர்ல ஏன் உதிரல?" நம் ஊரில் வேம்பும் வாகையும் புரசும் தை, மாசி, பங்குனியில் உதிர்க்கும். புரட்டாசியும் ஐப்பசியும் நமக்குத் துளிர்க்கிற காலம். பழைய கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் இருக்கின்றன; வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. அந்தக் கண்மாய்களை நிரப்ப வேண்டியது ஐப்பசி அடைமழை. ஆகவே புரட்டாசி எங்களுக்கு அண்ணாந்து பார்க்கிற மாதம். கடலையும் கம்பும் கைக்கு வந்துகொண்டிருக்கும், சம்பா நெல்லுக்கோ வானம் இன்னும் பாக்கி வைத்திருக்கும். பாதி கிடைத்தாயிற்று, பாதி வரவேண்டும். அப்பத்தா பட்டாசாலையை அலங்கரித்ததும் அப்படித்தான். கிடைத்ததைத் தொங்கவிடுவாள், வரவேண்டியதற்கு இடம் விட்டு வைப்பாள்.

அந்த இடம் நடு உத்தரத்தில் இருந்தது. போன தை அறுப்பில் முதல் அரிவாளுக்கு வந்த கதிர்களைச் சடைபோல் பின்னிக் கட்டிய கொத்து அங்கே தொங்கும். வருஷம் முழுக்க முற்றத்தின் வழியாகச் சிட்டுக்குருவிகள் வந்து கொத்திக் கொத்தி, புரட்டாசிக்குள் வெறும் வைக்கோல் சடைதான் மிஞ்சும். அதை மட்டும் அவள் கழற்ற மாட்டாள். தையில் புதுசு வரும்வரை பழைய சடை அங்கேயே கிடக்கும்.

அலங்காரத்துக்கென்று கடையில் காலணா செலவழித்ததில்லை. கொல்லையில் கடலை பிடுங்குகிற சமயம் அது. நல்ல காய்ப்புள்ள செடியாகப் பார்த்து ஏழெட்டை வேரோடு தனியே எடுத்துவைப்பாள். மண் போக அலசி, மூன்று நாள் நிழலில் தலைகீழாகக் கட்டி ஈரம் வற்றிய பிறகு சுவரோரமாக வரிசையாகத் தொங்கவிடுவாள். இலை வாடினாலும் கடலைகள் வெளுத்த கொத்துக் கொத்தாக நிற்கும். அவற்றுக்கு நடுவே கம்பங்கதிர். உலுக்கினால் கலகலவென்று சத்தம் போடுகிற வாகை நெற்று ஒரு கட்டு. குஞ்சுகள் பறந்துபோய்க் காற்றில் விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றோ இரண்டோ. மரத்தில் இருக்கிற கூட்டைத் தொடக்கூடாது, தரையில் கிடந்தால்தான் நமக்கு. ஒரு தடவை கூட்டைப் பிரித்து உள்ளே கைவிடச் சொன்னாள். உள்சுவரில் காய்ந்த களிமண் உருண்டை ஒட்டியிருந்தது. மின்மினியைப் பதித்து விளக்கேற்ற அந்த மண் என்று அவள் சொன்னாள். கூடு காற்றில் ஆடாமலிருக்கப் பாரம் வைக்கிறது என்று நான் பிற்பாடு படித்தேன். பாடம் நடத்தும்போது இரண்டையும் சொல்லிவிடுவேன்.

மகிழம்பூ மாலை ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் கோயிலின் தலமரம் மகிழம். பாறையைக் குடைந்து செய்த கருவறையில் இருக்கிற சாமிக்குக் கோகர்ணேசுவரர் என்ற பேரோடு, அந்த மரத்தை வைத்து மகிழவனேசர் என்று வழங்குவதும் உண்டு. கோடையில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்கி, நடுவில் இருக்கும் துளையில் நார் கோத்து வைத்தால் பூ காயும், வாசனை காயாது. சாப்பிடுகிற இடத்தில் அவள் அனுமதித்த ஒரே வாசனைப் பூ இது. மல்லிகையும் தாழம்பூவும் பட்டாசாலைக்குள் வரக்கூடாது. "கொழம்பு வாசத்தையும் கெடுக்கும், பூ வாசமும் கெட்டுப்போகும்" என்பாள்.

தோரணம் கட்டுவதுதான் எனக்கு விட்ட வேலை. மாவிலையில் தளிர் ஆகாது, மறுநாளே சுருளும். முற்றிக் கறுத்ததும் ஆகாது, மடக்கினால் ஒடியும். இரண்டுக்கும் நடுவில், விரலால் தடவினால் மெழுகு பூசியதுபோல் வழுக்குகிற இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடக்கிப்போட்டு, காம்பின் நுனியையே ஊசியாக்கி இலையில் குத்தி வாங்கினால் தைத்ததுபோல் நின்றுவிடும். கயிறு, முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்ட வாழைநார். காய்ந்த நார் இலையை அறுத்துவிடும். முதல் வருஷம் நான் கட்டிய தோரணத்தில் இலைக்கு இலை இடைவெளி கூடியும் குறைந்தும் கிடந்தது. அப்பத்தா அவிழ்க்கச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து, நாலு விரலைச் சேர்த்து இரண்டு இலைக்கு நடுவில் வைத்துக் காட்டினாள். "இதுதான் அளவு. ஒன் கை வளர வளரத் தோரணமும் வளரும்." இன்றைக்கும் நான் நாலு விரல் வைத்துத்தான் கட்டுகிறேன்.

பனங்குருத்தோலையில் குருவி மடிக்க மட்டும் அவள் கைதான். நல்ல காரியத்துக்கு நாலு குருவி, துக்கத்துக்கு மூன்று என்று எண்ணி எண்ணி மடிப்பாள். குருத்து வெட்டவும் கணக்கு உண்டு. மரத்துக்கு ஒன்று, அந்த மரத்தை அடுத்த வருஷம் தொடக்கூடாது. எந்த மரத்தில் எந்த வருஷம் எடுத்தோம் என்பது ஏறுகிறவருக்கு மறந்துபோனாலும் அவளுக்கு மறக்காது.

புதுக்கோட்டை, திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1974இல் எனக்குப் பதினோரு வயது. அந்த வருஷப் புரட்டாசியில் நடந்தது ஒன்று. வேலியில் கார்த்திகைப் பூ பூத்திருந்தது. செங்காந்தள் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். அடியில் மஞ்சள், மேலே தீ, ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். அவ்வளவு அழகை வேலியில் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. பூவும் கொடியுமாக அறுத்துவந்து பட்டாசாலைத் தூணில் சுற்றினேன். தூணடியில் குடிதண்ணீர்ப் பானை. பூ ஒன்று பானையின் வாயை எட்டிப்பார்த்துக்கொண்டு தொங்கியது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அப்பத்தா வந்தாள். நின்றாள். சத்தம் போடவில்லை. பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். கொடியை ஒரு சாக்கால் பிடித்து அவிழ்த்தாள். என் இரண்டு கையையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் ஊற்றும்போது அவள் கை நடுங்கியது இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. "வாயில வச்சியாத்தா? நெசமாச் சொல்லு, வாயில வச்சியா?" இல்லை என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். அதன் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர், தின்றால் ஆள் பிழைக்காது என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததையும் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும்போது அந்த விஷத்தின் பெயர் கோல்ச்சிசின் என்று தெரிந்தது. அளவாகக் கொடுத்தால் கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு மருந்து, அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து. கிழங்கில் மட்டுமல்ல, செடி முழுக்க உண்டு. நம் மாநிலப் பூ அது. அதை வணங்கலாம், வேலியில் வளர்க்கலாம், வாசலில் கட்டலாம். சாப்பிடும் இடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அரளியும் எருக்கும் அப்படியே. அதே காரணத்தால்தான் இலைக்கு நேர் மேலே எதையும் தொங்கவிட மாட்டாள். கம்பங்கதிரிலிருந்து ஒரு பொட்டு, நெற்றிலிருந்து ஒரு பூச்சி சோற்றில் விழக்கூடாது. அலங்காரமெல்லாம் சுவரோரத்திலும் தூணிலும் நடுப்பாதையிலும்தான். பார்க்கிறவர்களுக்கு அழகு மட்டும் தெரியும். அதன் ஒவ்வோர் இடத்துக்குப் பின்னாலும் ஒரு தாயின் பயம் இருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கார்த்திகைக் கொடியை அவள் தூக்கி எறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய் வாசல் நிலைக்கு மேலே கட்டினாள். "அழகுதான். அது எடம் இது."

வலது சுவர் மாடத்தில் ஒரு படி நிறைய அரிசி இருக்கும். அதன் உச்சியில் மூன்று அம்மன் காசு. நவராத்திரி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசைக் கொடுப்பது வழக்கம். சின்னச் செம்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. எங்கள் அம்மனை அரைக்காசு அம்மன் என்று ஊர் உலகம் கூப்பிடுவது இதை வைத்துத்தான். 1948 மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் அப்பத்தா சின்னப் பிள்ளையாக முந்தானையை விரித்து அரிசி வாங்கிவந்த வீட்டுப் பெண். அந்தக் காசுகளை அவள் சுருக்குப்பையின் உள்பையில் வைத்திருந்தாள், செலவழிக்கவே இல்லை. அரிசியின் மேல் வைக்கும்போது மட்டும் ஒரு கணம் கண்ணை மூடுவாள். பசித்தவர்களுக்கு வந்த அரிசி அது என்பது அவளுக்கு மறக்கவில்லை. சுண்டலுக்கு வருகிறவர்களில் யாரென்று பார்க்காமல் எல்லாரையும் அந்தப் பட்டாசாலையில் உட்காரவைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போனார்கள். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு வேலை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சமணர்களுக்கு அது வெறும் குளமல்ல, சமவசரணத்தில் வருகிற புனிதப் பொய்கை. ஆனால் எனக்கு அது குளம்தான். மொட்டு, விரிந்த பூ, நரம்போடிய இலை, மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். சுண்ணாம்பும் கரியும் காவியும் மஞ்சள் மண்ணும் குழைத்து, கொளுத்தும் பாறைக்குள்ளே தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். பல இடங்களில் உதிர்ந்து மங்கியிருக்கிறது. மிச்சமிருப்பதே குளிர்ச்சியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் போனதில்லை. அடுத்த ஞாயிறு அப்பா அவளைக் கூட்டிப்போனார், நானும் தொற்றிக்கொண்டேன். கழுத்து வலிக்கும் என்று தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கொளத்தக் கொண்டாந்து மேல வச்சுட்டானே" என்றாள்.

அந்த வருஷம் பட்டாசாலையிலும் குளத்தை மேலே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கண்மாயில் அல்லி பறித்துவந்து உத்தரத்துக் கொடியில் தண்டோடு தலைகீழாகக் கட்டினேன். பத்து மணிக்கெல்லாம் எல்லாம் துவண்டு, தண்டிலிருந்து தண்ணீர் சொட்டி, ஈரத்துணி காயப்போட்டதுபோல் ஆகிவிட்டது. அழுகை வந்தது. அப்பத்தா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அகன்ற வெண்கல உருளியைத் தேய்த்துக் கொண்டுவந்து, இரண்டு பந்திக்கும் நடுவில், முற்றத்தைப் பார்த்தாற்போல் வைத்துத் தண்ணீர் நிரப்பி, பிழைக்கக்கூடிய பூக்களை அதில் விட்டாள். அவளுக்கு வேறு எண்ணம் எதுவும் இருந்திருக்காது, பூ பிழைக்கட்டும் என்றுதான் செய்தாள். வெயில் ஏறி முற்றத்து வழியாக உருளியில் விழுந்தது. தண்ணீரில் பட்ட வெளிச்சம் எகிறி உத்தரத்திலும் ஓட்டின் அடிப்பலகையிலும் அலையலையாக ஆடத் தொடங்கியது. யாரோ நடந்தால் அலை கூடுகிறது, நின்றால் அடங்குகிறது. இலைகளின் நிழல் கறுப்பு வட்டங்களாக மிதக்கிறது. பழைய கதிர்ச்சடைமேல் வெளிச்சம் ஓடியபோது அது தண்ணீருக்குள் கிடக்கிற பாசிபோல் இருந்தது.

அன்று சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சோற்றைப் பிசைந்த கையோடு அண்ணாந்தார்கள். வெயில் நகர்ந்துபோக முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். குளம் மேலே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியிலும் உருளி வைக்கிறோம். வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்த்துப் பந்தி போடுவது வழக்கமாகிவிட்டது.

மழை பொய்த்த வருஷமும் உண்டு. கண்மாயில் அல்லி இல்லை, சேறுகூட இல்லை. கடலை காய்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த வருஷம் அலங்காரம் வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு அப்பத்தா தலையாட்டினாள். மறுநாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினாள். வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் ஓடுபோல் மேல்நோக்கி வளைந்து கிடந்தன. நாலைந்து பாளங்களை உடையாமல் பெயர்த்து முறத்தில் ஏந்திவந்தோம். உருளியில் தண்ணீர் ஊற்றாமல் அந்தப் பாளங்களை அடுக்கினாள். சுற்றிலும் வாகை நெற்றும் பனம்பழமும். வறட்சியிலும் பனை கைவிடவில்லை. பட்டாசாலைக்குள் கண்மாய் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். "உள்ளதத்தான் வைக்கணும். இருக்குறத மறைச்சுட்டு என்ன அலங்காரம்?" என்றாள் அப்பத்தா.

தினமும் சாப்பிடுமுன் எல்லாரும் ஒரு கை தண்ணீரை அந்த மண்மேல் தெளிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பாளத்தின் வெடிப்பில் ஒரு பச்சை ஊசி. கோரை. அடுத்தடுத்து இன்னும் இரண்டு, பிறகு பேர் தெரியாத வட்ட இலை ஒன்று. காய்ந்த கண்மாய் மண்ணுக்குள் விதையும் கிழங்கும் வருஷக்கணக்கில் உயிரோடு உறங்கும் என்பதைப் பிற்பாடு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தினேன். ஆனால் அதை முதலில் படித்தது கரும்பலகையில் அல்ல. அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துவந்து உருளி ஓரமாகக் குத்துக்காலிட்டு அந்தப் பச்சையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் பார்த்த அலங்காரங்களில் அதற்குமேல் ஒன்றில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில் பாஸ்டன் பக்கம் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே மேப்பிள் மரங்கள் எரிவதுபோல் சிவந்து நிற்கின்றன. பச்சையம் சிதைந்ததும் அடியிலிருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பை இலை அப்போதுதான் புதிதாகச் செய்கிறது. பேத்தியோடு இலை பொறுக்கி, புத்தகத்துக்குள் அழுத்திவைத்துக் காயவைத்து, நூலில் கோத்து அவர்கள் சாப்பாட்டு மேசைக்குமேல் ஜன்னலில் கட்டினோம். நாலு விரல் இடைவெளி. அவள் விரல் நாலு.

பக்கத்துவீட்டு யூதக் குடும்பம் அப்போது பின்கட்டில் ஒரு பந்தல் போட்டது. சுக்கோத் என்று அறுவடைக்குப் பிறகு வருகிற பண்டிகை. ஏழு நாளும் சாப்பாடு அந்தப் பந்தலுக்குள்தான். கூரைக்கு மண்ணில் முளைத்து வெட்டியெடுத்த கிளை, தட்டை, ஓலைதான் போடலாம். அதன் இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும். உள்ளே சோளக்கதிரும் சுரைக்குடுக்கையும் பழங்களும் தொங்குகின்றன. கடாரங்காயை நினைவுபடுத்துகிற ஒரு பழத்தையும், விரியாத பேரீச்சங்குருத்தையும் கையில் கொடுத்துக் காட்டினார்கள். குருத்தைத் தொட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி ஏன் என்று கேட்டார். என் அப்பத்தாவைப் பற்றி மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவர் எழுந்து உள்ளேபோய் ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து என்முன் வைத்தார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையும் பலாவும் போனது நாடறிந்த கதை. எங்கள் உறவுக்காரர் தோப்பில் அம்மா பிறப்பதற்கு முன்னாலிருந்து நின்ற பலா வேரோடு சாய்ந்தது. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தபோது அவர் கொடுக்கவில்லை. அந்த மரத்தில் ஒரு மேசை செய்து பட்டாசாலையில் போட்டிருக்கிறேன். எனக்கும் இப்போது கீழே உட்கார முடிவதில்லை. பலாப்பலகை புதிதில் நல்ல மஞ்சள், நாள்பட நாள்பட பழுப்பேறுகிறது. ஓரத்தை இழைக்க வேண்டாம், மரத்தின் வளைவு அப்படியே இருக்கட்டும் என்று ஆசாரியிடம் கேட்டுக்கொண்டேன். புரட்டாசியில் அதன்மேல் துணி விரிப்பதில்லை. நடுவில் கடலைக் கொத்தும் கம்பங்கதிரும் கொட்டானும். உருளி மட்டும் பழைய இடத்தில், தரையில்தான். மேசைமேல் வைத்தால் வெயில் பிடிக்கவில்லை.

ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கோகர்ணேசுவரரை வடித்த சோற்றால் மூடி, காய்கறியாலும் பழத்தாலும் அலங்கரிப்பார்கள். பிறகு அந்த அலங்காரத்தைக் கலைத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தபின்தான் அப்பத்தா பட்டாசாலையைக் கலைப்பாள். கடலையைப் பிள்ளைகள் உரித்துத் தின்போம், கொடி மாட்டுக்கு. கம்பு குருவிக்கும் கோழிக்கும். மாவிலையும் ஓலையும் குப்பைக்குழிக்கு, அங்கிருந்து கொல்லைக்கு. படியிலிருந்த அரிசி பொங்கலாகும், காசுகள் சுருக்குப்பைக்குத் திரும்பும். பனம்பழத்தைச் சுட்டு நார் நாராகச் சப்பியபின் உள்ளே மூன்று கொட்டை மிஞ்சும். அவற்றைக் கிழங்குக்காக மணற்குவியலில் புதைப்பாள், தையில் தோண்டலாம்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு கொட்டையை மட்டும் அவள் எங்கேயோ கொண்டுபோவது எனக்குத் தெரியும். எங்கே என்று கேட்டதில்லை. அவள் போனபிறகு ஒருநாள் கண்மாய்க் கரையில் நடந்தபோது, வரிசையாக, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் குட்டையாக நிற்கிற பனைகளைப் பார்த்தேன். எண்ணினேன். பத்தொன்பது.

இந்த வருஷம் இரண்டு கொட்டையைக் குவியலில் போட்டுவிட்டு, மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிப் பனைக்குப் பத்தடி தள்ளி ஊன்றினேன். கையைக் கழுவக் கண்மாயில் தண்ணீர் இல்லை. மண்ணோடு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி பதினோரு மணிவாக்கில் ஓட்டின்மேல் முதல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது.